முதல் மாட்டைப் பிடித்து வந்தவன்

ஏலக்காய் விற்கிற ஊர் என்றாலும், போடியில் பாலில் ஏலக்காய் தட்டிப் போட்டுக் குடிக்கிறவர்கள் குறைவு, வக்கீல் ஐயா. பகல் முழுக்க அந்த வாசனைக்குள்ளேயே கிடக்கிறவனுக்கு வீட்டுக்கு வந்தும் அது வேண்டியிருக்காது. நீங்கள் மதுரையிலிருந்து வந்திருக்கிறீர்கள் என்று போடச் சொன்னேன். ஆறுவதற்குள் குடியுங்கள்.

என் தங்கை கற்பகம் கொடுத்த மனுவோடு வந்திருக்கிறீர்கள். அவள் புருஷன் வீரணனை ஐப்பசி மாதத்தில் முந்தலுக்கு மேலே, மலைப்பாதை இறங்கி முடிகிற இடத்தில், ரகசியப் போலீஸ் சுட்டுக் கொன்றது. ஆள் தெரியாமல் நடந்துவிட்டது என்று அவர்களே வாய்க்குள் முனகுகிறார்கள். காகிதத்தில் மட்டும் ‘ஓடினான்’ என்று இருக்கிறது. வீரணன் ஓடியிருக்க மாட்டான். பொதிமாடுகளோடு ஏறி இறங்கிப் பழகியவன். அவனுக்கு மாட்டு நடைதான் வரும். அவன் வருகிற நாளும் வழியும் போலீசுக்கு எப்படித் தெரிந்தது என்பதுதானே உங்கள் கேள்வி. ஊரில் யாரும் என்னிடம் அதை நேராகக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அப்போதே சொல்லியிருப்பேன். மறைக்க என்ன இருக்கிறது?

நான் ஏலக்காய்த் தரகன். எங்கள் தொழிலில் விலையை வாயால் சொல்வதில்லை. விற்கிறவனும் வாங்குகிறவனும் வலது கையை நீட்டுவார்கள். மேலே ஒரு துண்டைப் போட்டு மூடிக்கொள்வோம். உள்ளே விரல்தான் பேசும். ஒரு விரலைப் பிடித்தால் ஒரு கணக்கு, இரண்டைப் பிடித்தால் வேறு கணக்கு. சுற்றி நூறு பேர் நின்றாலும் என்ன விலை என்று ஒருத்தருக்கும் தெரியாது. கடைசியில் விற்கிறவன் வாங்குகிறவனுடைய கட்டைவிரலை மடக்கி அழுத்தினால் விலை படிந்தது என்று அர்த்தம். அதற்குப் பிறகு இடி விழுந்தாலும் பேச்சு மாறாது. சரக்கு மழையில் நனைந்தாலும் சரி, வழியில் களவு போனாலும் சரி, கை கைதான். அந்த நாணயத்தில்தான் என் அப்பா பிழைத்தார், நானும் பிழைக்கிறேன்.

வீரணனுக்கு இது விளையாட்டாக இருந்தது. நல்லவன், சிரித்த முகம். என் தங்கையை ஒரு நாளும் கை நீட்டி அடித்ததில்லை. மலைத் தோட்டங்களிலிருந்து பொதியைக் கீழே இறக்குவதுதான் அவன் வேலை. இறக்கினோமா, கூலியை வாங்கினோமா என்று போயிருக்கலாம். அவன் சந்தை நடுவில் பொதி மேல் ஏறி நின்றுகொள்வான்.

“இந்தா பாருங்கப்பு, இவுக இவ்வளவு தர்றேங்கிறாக. நீங்க என்ன தர்றீக? வாயில சொல்லுங்க, வெரல் எனக்கு வெளங்காது” என்பான்.

கூட்டம் சிரிக்கும். வாங்க வந்தவர்கள் கூச்சத்தில் விலையை ஏற்றிச் சொல்லிவிடுவார்கள். மலையில் தோட்டம் வைத்திருப்பவர்கள் ஒவ்வொருவராகச் சரக்கை அவனிடமே ஒப்படைக்கத் தொடங்கினார்கள். ஒரு நாள் என் கடைக்கு முன்னால் நின்றுகொண்டு, என் துண்டின் நுனியைத் தூக்கிப் பார்த்தான்.

“உள்ளுக்குள்ள என்ன மச்சான், பாம்பா வளக்குறீக?”

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இதையெல்லாம் நான் மனதில் வைத்துக்கொள்ளவில்லை என்பதற்காகத்தான் சொல்கிறேன். தங்கை புருஷன், அவனுக்குக் கேலி பேச உரிமை உண்டு.

போன ஆனியில் மணியாச்சி ரயிலடியில் கலெக்டர் துரையைச் சுட்டுக் கொன்றார்கள் அல்லவா, அதிலிருந்துதான் எல்லாம் கெட்டது. சுதேசி பேசிய பிள்ளைகளை ஊர் ஊராகத் தேடினார்கள். தேடப்பட்டவர்களில் சிலர் மலை ஏறினார்கள். போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் திருவிதாங்கூர் மகாராஜா சீமை. இங்கிலீஷ்காரன் போலீஸ் அங்கே நுழைந்து ஆளைத் தூக்குவது லேசில்லை. அதனால் போலீஸ்காரர்கள் அடிவாரத்தில் காத்திருந்தார்கள்.

புரட்டாசியில் ஆதிநாராயணன் என்று ஒருவர் என் கடைக்கு வந்தார். தூத்துக்குடியில் கப்பலுக்குச் சரக்கு ஏற்றுகிறவர் என்று சொல்லிக்கொண்டார். ஜரிகைத் தலைப்பாகை, காதில் கடுக்கன், எல்லாம் பொருத்தமாகத்தான் இருந்தது. துண்டைப் போட்டுக் கையைப் பிடித்தேன். காயைக் கசக்கிப் பார்க்கிறவன் விரல் நுனியில் ஒரு சொரசொரப்பு இருக்கும். அவருக்கு அங்கே மழுமழுவென்று இருந்தது. ஆள்காட்டி விரலின் உள்பக்கத்தில் மட்டும் காய்ப்பு, துப்பாக்கி பிடிக்கிறவனுக்கு வருவது.

“ஐயாவுக்கு ஏலக்காய் மேல அம்புட்டு ஆசை இல்ல போல” என்றேன்.

“கண்ணு பொல்லாத கண்ணா இருக்கே” என்றார்.

“கண்ணு இல்லீங்க. கை.”

அவர் கையை எடுத்துக்கொள்ளவில்லை. துண்டுக்கு மேலே பார்த்துச் சிரித்தபடி, சரக்கைப் பற்றிப் பேசுகிற குரலிலேயே சொன்னார்: “மேல ஒரு பையன் ஒளிஞ்சிருக்கான். அவன் எங்க கையில கிடைக்கலேன்னா மெட்டுப் பாதையை மறிச்சிருவோம். ஒரு மாடு எறங்காது. இந்த வருஷக் காய் முழுக்க மேலேயே கிடந்து பூசணம் பிடிக்கட்டும்.”

காய் பறிக்கிற காலம் அது. பாதையை மறித்தால் ஊரில் எத்தனை வீட்டில் உலை ஏறாது என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். நான் அதைத்தான் யோசித்தேன். பையனைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது என்று சொன்னேன். அன்றைக்கு அது உண்மை.

கொஞ்ச நாள் கழித்துக் கற்பகம் வந்தாள். கூடையில் பலாக்கொட்டை கொண்டுவந்திருந்தாள். மலைக்குப் போய் வந்தால் எனக்கு எதையாவது கொண்டுவருவாள். சிறு வயதிலிருந்து அப்படித்தான். அடுக்களை வாசலில் உட்கார்ந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

“அண்ணே, ஒரு ஒத்தாசை.”

“சொல்லு ஆத்தா.”

“உங்க மாப்ளே ஒரு பிள்ளையை மேல தோட்டத்துல வச்சிருக்காரு. திருநெல்வேலிப் பக்கத்துப் பிள்ளை. போலீசு தேடுதாம்.”

“என்ன செஞ்சானாம்?”

“நான் கேக்கல. சோத்தைப் போட்டா சாப்பிடுது, வட்டிலைக் கழுவி வைக்குது. எனக்கு அது போதும்.” அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. “காட்டுச் சோலி ஒண்ணும் தெரியல அண்ணே. மாட்டைக்கூட ‘நகருங்க, நகருங்க’ங்குது. மாடு திரும்பிப் பாத்துட்டு நிக்குது. உங்க மாப்ளே விழுந்து விழுந்து சிரிக்கிறாரு.”

“இப்ப நான் என்ன செய்யணும்?”

“அது புதுச்சேரிக்குப் போகணுமாம். அங்க வெள்ளைக்காரன் வேறயாமே, இவுக போலீசு போக முடியாதாமே. கீழ எறக்கிட்டா, ரயிலடி வரைக்கும் ஒரு கூண்டு வண்டி வேணும். வாயைத் தொறக்காத வண்டிக்காரனா உங்களுக்குத்தான் தெரியும்.”

“எப்ப எறங்குறாக?”

“அடுத்த சந்தைக்கு முந்தின நாளு. மொத மாட்டுக் கயித்தை அந்தப் பிள்ளை கையில குடுத்துருவாராம். கம்பளியைத் தலையில போட்டுக்கிட்டா கூலிக்காரன் மாதிரித்தான தெரியும்.”

“யாருட்டயும் சொல்லிறாதே.”

“உங்களைத் தவிர யாருட்ட சொல்லப் போறேன்?” என்று சொல்லிவிட்டுக் கூடையைக் கவிழ்த்துக் கொட்டையை முறத்தில் போட்டாள்.

கூண்டு வண்டிக்கு ஏற்பாடு செய்தேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள். ஒப்புக்கொண்ட காரியத்தைச் செய்யாமல் விடுகிறவன் அல்ல நான். வண்டிக்காரனிடம் பேசிவிட்டுத்தான் ஆதிநாராயணனுக்கு ஆள் விட்டேன்.

பொதிமாடு இறங்குவதில் ஒரு முறை இருக்கிறது. முதல் மாட்டின் கயிற்றைக் கூலியாள் பிடிப்பான். மற்ற மாடுகள் அதன் பின்னால் வரும். பொதிக்குப் பொறுப்பானவன் கடைசி மாட்டுக்குப் பின்னால் நடப்பான். பொதி சரிந்தால் பின்னால் வருகிறவனுக்குத்தானே தெரியும். வீரணன் எந்தக் காலத்திலும் முன்னால் வந்ததில்லை. அதனால் முன்னால் வருகிறவனைப் பிடித்தால் பையன் போவான், பின்னால் வருகிற வீரணனுக்குச் சேதம் இல்லை, பாதையும் திறந்தே இருக்கும் என்று கணக்குப் போட்டேன். இதில் என்ன தப்பு? யாராக இருந்தாலும் இந்தக் கணக்கைத்தான் போட்டிருப்பார்கள்.

சந்தைக்கு இரண்டு நாள் முன்பு ஆதிநாராயணன் வந்தார். கடையில் நாலு பேர் இருந்தார்கள். துண்டைப் போட்டோம்.

“சரக்கு எப்ப எறங்குது?” என்று எல்லாருக்கும் கேட்கவே கேட்டார். விரலால் சொன்னேன்.

“எந்தப் பொதியில?”

அவருடைய ஒற்றை விரலைப் பிடித்தேன். முதல் மாடு.

“சரக்கு துள்ளுமோ?” என்று நான் கேட்டேன்.

“துள்ளினா அங்கனயே முடிச்சிருவோம். கையில துப்பாக்கி இருக்கும்னு பேச்சு. எங்க ஆளுக கிட்டப் போக மாட்டாக, எட்ட இருந்தே காரியத்தைப் பாத்துக்குவாக.”

பக்கத்தில் இருந்தவர்கள் ஏதோ வியாபாரப் பேச்சு என்று வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள்தான் பொதி இறங்குகிற நாள். விடிந்து வெயில் ஏறுகிற நேரத்தில் குருவம்மாள் கடைக்கு வந்தாள். முந்தலில் இருப்பவள். மலைத் தோட்டத்துக்கு உப்பும் கருவாடும் சுமந்து போய் விற்பாள். முதல் நாளே இறங்கிவிட்டவள், வீரணன் சொல்லி அனுப்பிய சேதியோடு வந்திருந்தாள்.

“சாமி, வண்டி வேணாமாம். உங்க மாப்ளே சொல்லச் சொன்னாரு.”

“ஏன்?”

“அந்தப் பிள்ளைக்கு மலைக்காச்சல். எந்திரிச்சு நிக்க முடியல. தோட்டத்துக்காரக உடும்பஞ்சோலைப் பக்கம் தூக்கிட்டுப் போயிட்டாக, அங்க ஒரு வைத்தியன் இருக்கானாம். கூலியாளும் எவனும் வரமாட்டேன்ட்டானாம், போலீசுக்குப் பயந்துக்கிட்டு. அதனால அவரேதான் மொத மாட்டைப் பிடிச்சு வர்றாரு. பின்னால காவலுக்கு நம்ம சொறி நாய்தான்னு சொல்லிச் சிரிக்கிறாரு.”

கையில் இருந்த காயை அப்படியே வைத்துக்கொண்டு அவளைப் பார்த்தேன். வெளியே தூறல். மலை தெரியவில்லை, மேகம் அடிவாரம் வரைக்கும் இறங்கியிருந்தது. அந்த மூட்டத்தில் கம்பளியைத் தலையில் போட்டுக்கொண்டு வருகிறவன் யார் என்று பத்தடியில் நின்றாலும் தெரியாது. பொதி மத்தியானத்துக்கு மேல்தான் அடிவாரத்துக்கு வரும். நேரம் இருந்தது. நிறையவே இருந்தது.

நீங்கள் பேனாவை நிறுத்திவிட்டீர்கள். ஏன் போலீசிடம் சொல்லவில்லை என்று கேட்க வருகிறீர்கள். ஐயா, நான் முன்பே சொன்னேன். கொடுத்த கையை மாற்றுவது எங்களுக்கு வழக்கமில்லை. இன்றைக்கு ஒரு காரணத்துக்காக மாற்றினால் நாளைக்கு இன்னொரு காரணம் வரும். நான் பையனுடைய பெயரைச் சொல்லவில்லை. எந்தப் பெயரையும் சொல்லவில்லை. முதல் மாட்டைப் பிடித்து வருகிறவன் என்றுதான் என் விரல் சொன்னது. முதல் மாட்டைப் பிடித்து ஒருவன் வந்துகொண்டுதான் இருந்தான். நான் சொன்ன சரக்கில் குறை இல்லை.

சரி, போலீசிடம் வேண்டாம், வீரணனுக்குச் சொல்லி அனுப்பியிருக்கலாமே என்பீர்கள். அனுப்பியிருக்கலாம். குருவம்மாள் அந்தப் பாதையில்தான் திரும்பிப் போகிறவள். அவளே கேட்டாள்.

“நான் மேலதான் போறேன். பாதிவழியில மாடு எதுக்க வந்துரும். எதாச்சும் சொல்லணுமா சாமி?”

“வெரசா வரச்சொல்லு” என்றேன். “நல்ல வெலை நிக்குது, காத்துக்கிட்டு இருக்கேன்னு சொல்லு.”

அவள் போய்விட்டாள். நல்ல மனுஷி. சேதியைச் சரியாகக் கொண்டுபோய்ச் சேர்த்தாள் என்று பிறகு கேள்விப்பட்டேன். வழியில் தங்கிச் சோறு ஆக்கிச் சாப்பிட்டு வருகிற வழக்கமுள்ள வீரணன், அன்று தங்காமல் இறங்கியிருக்கிறான். “மச்சான் காத்திருக்காராமே” என்றானாம்.

கொஞ்ச நேரத்தில் கற்பகமும் வந்தாள். அன்றைக்கு அவள் கீழே வீட்டில்தான் இருந்தாள். தலையில் முக்காடு, நனைந்திருந்தாள்.

“அண்ணே, அடிவாரத்துல புது ஆளுக நடமாட்டம் இருக்குன்னு பேசிக்கிறாக. போலீசா இருக்குமோ?”

“வெறகு வெட்ட வந்த ஆளுகளா இருக்கும்.”

“நெசமாவா? நான் வேணா போய் எதுக்க நின்னு...”

“மழையில எங்க போற? பிள்ளைக வீட்ல இருக்குல்ல. போலீசு இருந்தா எனக்குத் தெரியாமப் போயிருமா?”

“அதுவும் சரிதான்” என்றாள். அவள் முகம் தெளிந்துவிட்டது. போகும்போது, “அவுக வந்ததும் வீட்டுக்கு அனுப்பிவிடுங்க. ரெண்டு நாளா நல்ல சோறு சாப்பிட்டிருக்க மாட்டாக” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

இன்னும் ஒன்று இருக்கிறது. நீங்கள் கேட்க மாட்டீர்கள், உங்களுக்கு எங்கள் தொழில் தெரியாது. இங்கே வேறு தரகன் யாராவது இருந்திருந்தால் முதலில் இதைத்தான் கேட்டிருப்பான்: கட்டைவிரலை மடக்கினாயா?

முந்தின நாள் மடக்கவில்லை. நாளும் மாடும் சொன்னேன். ஆதிநாராயணன் கட்டைவிரலை நீட்டினார். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று கையை இழுத்துக்கொண்டேன். ஏன் என்று எனக்கே தெரியவில்லை. விலை படியாத பேச்சு வெறும் பேச்சு. அதை மாற்றிக்கொள்வதில் எந்தக் குற்றமும் இல்லை, தினமும் நடக்கிறதுதான்.

கற்பகம் போன பிறகு அவர் வந்தார். குடையை மடக்கி ஓரமாக வைத்துவிட்டு உட்கார்ந்தார்.

“என்ன வேலுச்சாமி, சரக்கு வருதா, இல்ல எதுவும் மாறிருச்சா? மாறியிருந்தா இப்பவே சொல்லிரும். குதிரையில ஆள் விட்டா எங்க ஆளுகளைத் திருப்பிக் கூப்பிட்டுறலாம். மழையில நனைஞ்சுக்கிட்டுக் கிடக்காக, பாவம்.”

கடையில் யாரும் இல்லை. அவர் வாயால்தான் கேட்டார். நானும் வாயால் பதில் சொல்லியிருக்கலாம். தோளில் இருந்த துண்டை எடுத்து இரண்டு கைகளுக்கும் மேலே போட்டேன். அவருடைய கட்டைவிரலைத் தேடி, மடக்கி, அழுத்தினேன்.

“அப்பச் சரி” என்றார்.

அன்று மத்தியானம் சாப்பிட்டேன். கொஞ்சம் தூங்கினேன். சாயங்காலம் மாடுகள் தாமாகவே சந்தைக்கு வந்து சேர்ந்தன. வழி பழகிய மாடுகள். வீரணன் வழக்கமாக நிறுத்துகிற இடத்தில் வரிசையாக வந்து நின்றன. பொதியை இறக்க யாரும் கிட்டே போகவில்லை. முதல் மாட்டின் கயிறு தரையில் இழுபட்டு வந்ததில் ஒரே சேறு. நான்தான் ஆள் வைத்து இறக்கினேன். நல்ல காய், பச்சை மாறாத காய். நனைந்தால் கறுத்துவிடும் என்று அன்றைக்கே துண்டு போட்டு விற்றுக் கொடுத்தேன். தோட்டத்துக்காரர்களுக்குச் சேரவேண்டியது ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தது. எனக்கு வழக்கமான தரகுதான். கூட ஒன்றும் எடுக்கவில்லை.

பையன் தப்பிவிட்டான் என்று ஆதிநாராயணனுக்கு என் மேல் வருத்தம். ஆள் மாறிவிட்டதாம். ஊரிலும் ஒரு பேச்சு இருக்கிறது: வேலுச்சாமி தெரியாமல் தப்பான சரக்கைக் காட்டி ஏமாந்துவிட்டான் என்று. அதற்காகத்தான் உங்களிடம் இவ்வளவும் சொன்னேன். என் சரக்கு எனக்குத் தெரியும். நான் எதையும் தெரியாமல் செய்யவில்லை. எழுதிய பிறகு கொடுங்கள், கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்.

சந்தை இப்போது அமைதியாக இருக்கிறது. விலையை வாய்விட்டுக் கத்துகிறவர் யாரும் இல்லை. மலைத் தோட்டத்துக்காரர்கள் பழையபடி என்னிடமே வருகிறார்கள்.

கற்பகத்தைப் பற்றித்தான் கொஞ்சம் கவலை. பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஒற்றை ஆளாகக் கிடக்கிறாள். அண்ணன் நான் இருக்கும்போது அவள் ஏன் கஷ்டப்பட வேண்டும் என்று மாதா மாதம் ஒரு மூட்டை அரிசி அனுப்பிவைக்கிறேன். அவிழ்க்காமல் அப்படியே திருப்பி அனுப்பிவிடுகிறாள். புது அரிசி, ஆக்கினால் குழைந்துபோகிறது போல. அடுத்த முறை நல்ல பழைய அரிசியாகப் பார்த்து அனுப்ப வேண்டும்.